மலையேறுதல்

ஆடி பிறப்பதற்கு முன்பே சந்திரமதி டீச்சரின் ஜன்னல் பெற்றோர்களின் வாட்சாப் குழுவில் ஒரு வழக்காகிவிட்டிருந்தது.

"டீச்சர், பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க. கொஞ்சம் ஜன்னல மூடி வைங்க லா" என்று முதலில் ஒரு தாய் பணிவாக எழுதினாள். மறுநாள் ஓர் அப்பா, பனி மூடிய ஏதோ ஊரின் படத்தைப் போட்டு, "இது கிளாஸ்ரூமா, ஐஸ்பெட்டியா?" என்று கேட்டார். அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. சந்திரமதியும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். அது யாருக்கும் நினைவில் இல்லை, அல்லது இருந்தும் பொருட்படுத்தவில்லை.

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறி, தேயிலைத் தோட்டத்துக்குள் திரும்பும் செம்மண் பாதையின் முடிவில் இருந்தது அந்தத் தமிழ்ப்பள்ளி. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பதற்கு மேல் கல்வி இலாகா யாரையும் அனுப்பவில்லை. சந்திரமதி முதலாம் ஆண்டு, அதாவது ஒன்றாம் வகுப்பு, ஆசிரியை. கல்லூரி முடித்து வந்த சில வருடங்களைத் தவிர, மற்ற எல்லா வருடமும் முதலாம் ஆண்டுதான். வேறு வகுப்பு தருகிறோம் என்று தலைமையாசிரியர்கள் சொன்னபோதெல்லாம் அவள் மறுத்திருக்கிறாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. மாதக்கணக்காக ஒரு பிள்ளை 'ப', 'ட', 'ம்' என்று தனித்தனியாகக் கல் பொறுக்குவதுபோல் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஒரு காலையில், யாரும் எதிர்பாராமல், "படம்!" என்று கத்தும். கத்திவிட்டு, தான்தான் கத்தினோமா என்று சுற்றிலும் பார்க்கும். அந்தக் கத்தலைக் கேட்க வேண்டும். அறுபது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பும் வரை ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டும். அவளுக்கு வேலையிலிருந்து வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் ஐம்பத்து மூன்றில் உடம்பு வேறு கணக்குப் போட்டது. வயிற்றுக்குள் யாரோ அடுப்பை ஊதிவிட்டதுபோல ஒரு காந்தல் கிளம்பும். மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறி, தலை உச்சியில் வந்து நிற்கும். பிள்ளைகள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பென்சிலைப் பிடிக்க முடியாமல் விரலை ஊதும் காலையில், அவளுக்கு முதுகு நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொள்ளும். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்து, வெளியே நகரும் மூடுபனிக்கு முகத்தைக் கொடுத்து நிற்பாள். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அந்தச் சற்று நேரத்துக்கு வகுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

காந்தலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் அணில் படத்தை உயர்த்திக் காட்டியபடி நின்றவளுக்கு அதன் பெயர் வரவில்லை. வாலும் தெரிகிறது, முதுகுக் கோடும் தெரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் "அணில் டீச்சர், அணில்!" என்று கத்தினார்கள். அவர்களைச் சோதித்ததுபோல "கெட்டிக்காரங்க" என்று சொல்லிச் சிரித்தாள். படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

கிளினிக்கில் இளம் மலாய் டாக்டர் கனிவாகத்தான் பேசினார். "பியாசா, புவான்" என்றார். எல்லாருக்கும் வருவதுதான், சாதாரணம் என்று பொருள். அதற்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி ஒரு பெயரும் சொன்னார். அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தமிழில் அதை வைக்க இடம் இல்லை. பாடநூலில் வரும் சொல் ஒன்று இருந்தது. அதை யாரும் வாயால் பேசிக் கேட்டதில்லை.

"கேமரன்ல ஏர்கோன் கேக்குற ஒரே பொம்பள நீதான் மதி" என்றான் கணவன் குணாளன். விவசாய இலாகாவில் வேலை. இரவு ஜன்னலை அவள் திறந்து வைத்தால், கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவான். கோபம் இல்லை. ஏன் என்றும் கேட்டதில்லை.

அவளுக்கு முன்னால் போனவர்களை அப்போதுதான் அவள் நினைத்துப் பார்த்தாள். சாரதா டீச்சர் ஐம்பத்து நான்கில் விருப்ப ஓய்வு எடுத்தார். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றார்கள். ஜெயா டீச்சர் அதற்கும் முன்பே. முட்டி வலி என்றார்கள். இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, "குடும்பக் காரணங்களுக்காக" என்று மேடையில் வாசித்து அனுப்பினார்கள். ஜெயா டீச்சர் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து பிடரியில் தண்ணீர் விட்டுக்கொள்வார். முட்டி வலிக்கு யார் பிடரியை நனைப்பார்கள்?

ஆடி இரண்டாம் வெள்ளி தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பள்ளிப் பிள்ளைகள் தேவாரம் பாடுவது வழக்கம். ஆசிரியைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை கட்ட வேண்டும் என்று துணைத் தலைமையாசிரியை பிரேமலா முடிவு செய்திருந்தாள். பிரேமலாவுக்கு நாற்பத்தேழு வயது. எதையும் வரிசையாகச் செய்யப் பிடிக்கும்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே பந்தலில் இருந்த சனமெல்லாம் கோவிலுக்குள் ஒதுங்கியது. சாரல் அடிக்கிறது என்று தகரக் கதவுகளை இழுத்து விட்டார்கள். சாம்பிராணிப் புகை போக வழியில்லாமல் கூரையடியில் நின்றது. முன்னால் பிள்ளைகள் சம்மணமிட்டு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெண்கள். நடுவில் தூணை ஒட்டிச் சந்திரமதி. பூசாரி இருளப்பன் கற்பூரத்தட்டை எடுத்தார். உருமி முழங்கியது.

அப்போது வந்தது அது. முன்பு வந்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோல வந்தது.

வெளியே போக வழியில்லை. பட்டுச்சேலை இரும்புத் தகடாகக் கனத்தது. தலைக்குள் ரத்தம் குதித்தது. கொண்டையில் இருந்த கிளிப்பைப் பிடுங்கினாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. தூணைப் பிடித்த கை நடுங்க, உடம்பும் சேர்ந்து ஆடியது. முகத்தில் வியர்வை ஓடியது. மற்றவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்த அந்தக் குளிரில்.

முதலில் பார்த்தவள் குமுதா. தேயிலைக் காட்டில் வேலை செய்பவள். மூத்தவன் பிறந்து பல வருடம் கழித்துப் பிறந்த அவள் மகள் லோஷினி சந்திரமதியின் வகுப்பில்தான் படித்தாள்.

"ஏய்... டீச்சருக்குச் சாமி வருதுடி!"

அவ்வளவுதான். உருமிக்காரன் அடியை மாற்றினான். குலவைச் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பியது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். ஐயோ, அந்தத் தண்ணீர்! அவள் உடம்பு அதற்காக எத்தனை மாதம் காத்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். அந்த முனகலுக்கு இன்னொரு குலவை.

"சொல்லு ஆத்தா! எங்க கொற என்னா? என்னா வேணும் ஒனக்கு?" குமுதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கதவு..." என்றாள் சந்திரமதி. "கதவத் தெறங்கடி... மூச்சு முட்டுது."

சந்திரமதி டீச்சர் வாயில் 'டி' வராது. முதலாம் ஆண்டுப் பெண்பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று அழைப்பவள். தோட்டத்துப் பெண்கள் ஒருவரையும் இத்தனை வருடத்தில் ஒருமையில் பேசியதில்லை. ஆகவே பேசியது டீச்சர் இல்லை.

"எந்தக் கதவு ஆத்தா?" என்று இருளப்பன் கேட்டார். கேட்டவரே திரும்பி வடக்குப் பக்கம் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்த வருடம், கோவிலுக்குப் பின்னால் இருந்த மேடும் சரிந்து வந்து வடக்குக் கதவில் முட்டியது. அன்று அடைத்தது. பிறகு மண்ணை அள்ளியும் விட்டார்கள், தடுப்புச் சுவரும் கட்டிவிட்டார்கள். கதவை மட்டும் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

"வடக்கு வாசல கேக்குறா ஆத்தா!"

துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பினார்கள். கதவு வீறிட்டுத் திறந்தது. தேயிலைச் சரிவிலிருந்து மழைக்காற்று உள்ளே பாய்ந்து, சாம்பிராணிப் புகையைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முகத்தில் அறைந்தது. அவள் வாயைத் திறந்து அதைக் குடித்தாள். காந்தல் இறங்கியது. நடுக்கம் நின்றது. தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"ஆத்தா மலையேறிட்டா" என்று இருளப்பன் அறிவித்தார்.

சாமி உடம்பை விட்டுப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு இந்தத் தோட்டத்துப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, அடிவாரத்துப் பீடோரில் இருந்த தோழிகளும் "சந்திரா மலையேறிட்டா" என்று அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். அந்த நிலையிலும் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. 'இது சாமி இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குமுதா அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் ஒரு வரிசையே குனிந்தது. சந்திரமதி வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது ஜன்னல்கள் எல்லாம் ஏற்கெனவே திறந்திருந்தன. மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து வரவழைத்த வேப்பிலைக் கொத்து ஒன்று ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. பிள்ளைகள் உருண்டையாக வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஸ்வெட்டரோடு தொப்பி, காலுறை எல்லாம் போட்டு அனுப்பியிருந்தார்கள். 'ஐஸ்பெட்டி' என்று எழுதிய அப்பா ஒரு மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "ஆத்தாவுக்கு" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார்.

வாட்சாப் குழுவில் ஒரே ஒரு வரி. "டீச்சர் ஜன்னல யாரும் மூடச் சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் சந்திரமதி நன்றாகப் பாடம் நடத்தினாள். காந்தல் வந்தால் காற்றாடிக்கு முன்னால் போய் நிற்பாள். பிள்ளைகள் பேசாமல் காத்திருப்பார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருவர் 'படம்' சொல்லிவிட்டார்கள். லோஷினி 'மரம்' என்றே சொன்னாள். இப்படியே இருந்தால் அறுபது வரை ஓட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பொய் என்று எதுவும் அவள் சொல்லவில்லை. சும்மா இருந்தால் போதும்.

"நெசமா சாமியா டீச்சர்?" என்று ஆசிரியர் அறையில் பிரேமலா மெல்லக் கேட்டாள்.

"நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும். ஆனா சும்மா இருங்க. சாமின்னா எவனும் கை வைக்க மாட்டான்." தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பிரேமலா இன்னொன்றும் சொன்னாள். "எனக்கும் இப்பல்லாம் தூக்கமே இல்ல." மணி அடித்தது.

கோவிலில் யாரோ எடுத்த காணொளி தோட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. தலைமையாசிரியர் ஜீவன் ஒருநாள் அவளை அறைக்கு அழைத்தார். நாற்பதைத் தொடாதவர். அவர் மாணவராக இருந்தபோது பார்த்த ஆசிரியைகளின் வயது இப்போது அவளுக்கு. அதனால் அவளிடம் பேசும்போது எழுந்து நின்றுவிடுவார்.

"உக்காருங்க டீச்சர். இலாகாவுலேர்ந்து போன் வந்துச்சு. பள்ளி நிகழ்ச்சியில ஒரு ஆசிரியை இப்படி... என்னா விஷயம்னு கேக்குறாங்க." மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார். "சாமி சம்பந்தப்பட்டதுன்னா நான் சொல்லிக்கிறேன். மத விஷயம், கோவில்ல நடந்தது, முடிஞ்சிடும். ஒடம்பு சம்பந்தப்பட்டதுன்னா வேற. முதலாம் ஆண்டு சின்னப் பிள்ளைங்க. டீச்சருக்குத் திடீர்னு மயக்கம் வந்தா யாரு பொறுப்புன்னு கேப்பாங்க."

அவள் அவர் பின்னால் கண்ணாடிப் பேழையில் இருந்த கேடயங்களைப் பார்த்தாள்.

"சாமின்னே சொல்லிக்கலாமா டீச்சர்?"

"ம்" என்றாள்.

புரட்டாசி வாக்கில் மழை வலுத்தது. திறந்த ஜன்னல் வழியே மூடுபனி வந்து வெள்ளைப்பலகையில் ஈரமாகப் படிந்தது. எழுதினால் மை வழுக்கியது. லோஷினி இரண்டாவது வரிசையிலிருந்து ஜன்னலோர மேசைக்கு மாறியிருந்தாள். மேல் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்வாள்.

"லோஷினி, ஸ்வெட்டர் போடுங்க. இங்க வந்து உக்காருங்க."

"அம்மா இங்கதான் உக்காரச் சொன்னாங்க டீச்சர். ஆத்தா காத்து மேல பட்டா நல்லதாம்."

சொல்லும்போதே இருமினாள். இருமல் சாதாரணமாகத்தான் தொடங்கியது. கரும்பலகைக் காலத்து ஆசிரியைக்கு இருமல் வகைகள் தெரியும், இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சந்திரமதி நினைத்தாள். வாசிப்பு நேரத்தில் பிள்ளை வாசிக்கவில்லை. தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு இழுத்தாள். கிட்டப் போனால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

சந்திரமதி ஒவ்வொரு ஜன்னலாக ஓடி மூடினாள். பக்கத்து வகுப்பிலிருந்த பிரேமலாவைக் கத்தி அழைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லோஷினியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். ரிங்லெட் வரை கார் ஜன்னல்களை ஏற்றியே வைத்திருந்தாள். சூடு கிளம்பி, ஸ்டியரிங்கில் கை வழுக்கி, கண்ணுக்குள் வியர்வை இறங்கிக் கரித்தது. ஒரு விரல் அளவுகூட இறக்கவில்லை.

கிளினிக்கில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தோள் இறங்கியது. குமுதா தேயிலைக் காட்டிலிருந்து, மழைக்கோட்டும் பூட்ஸ் காலுமாக, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கினாள். மகள் மூச்சு விடுவதைப் பார்த்தாள். பிறகு நடைபாதை பெஞ்சில் இருந்த சந்திரமதியிடம் வந்து கை கூப்பினாள்.

"நீ இருக்கறப்ப என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும் ஆத்தா."

"குமுதா, உக்காருங்க."

"துந்நூறு மட்டும் கொஞ்சம் போட்டு விடு ஆத்தா, போதும்."

"உக்காருங்கன்னேன். நான் ஆத்தா இல்ல. அன்னிக்கும் இல்ல." சந்திரமதி அக்கம்பக்கம் பார்த்தாள். மருந்துக்குக் காத்திருந்த ஒரு சீனக் கிழவரைத் தவிர யாருமில்லை. "எனக்கு நின்னு போற வயசு. மாசா மாசம் வர்றது நின்னு போச்சு. அதுனால குப்பு குப்புன்னு காந்தும், வேர்க்கும். அன்னிக்குக் கோவில்ல மூச்சு முட்டிச்சு, கதவத் தெறக்கச் சொன்னேன். அவ்வளவுதான். அந்தக் காத்துல சக்தியெல்லாம் ஒண்ணுமில்ல. வெறும் குளுரு. அதுலதான் லோஷினிக்கு இழுத்துருச்சு."

குமுதா மழைக்கோட்டின் பித்தானைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எனக்கும்தான் வருது" என்றாள்.

"என்னது?"

"இந்தக் காந்தல்தான் டீச்சர். மல மேல நிக்கிறப்ப வரும். இந்தப் பிளாஸ்டிக் கோட்டுக்குள்ள வெந்து சாவேன். என்னாமோ வியாதின்னு நெனைச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல." அவள் குரல் உயர்ந்தது. "எனக்கு வந்தா ஒருத்தியும் கொலவ போடல. வேல வாங்குற மண்டோர், 'என்னாடி நிக்கிற, சம்பளம் யாரு அப்பன் குடுக்குறான்'னான். ஒங்களுக்கு வந்தா மட்டும் ஆத்தாவா?"

கேட்டுவிட்டுக் குமுதாவே சட்டென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"நான் ஒங்க கால்ல வேற விழுந்தேன் லா!"

"மன்னிச்சுக்கோங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சாமின்னா ஜன்னலத் தெறந்து வைக்க விடுறீங்க. இதுன்னா விட மாட்டீங்க."

குமுதா அதை மறுக்கவில்லை. உள்ளே லோஷினி முகமூடியோடு இவர்களைப் பார்த்துக் கை அசைத்தாள்.

"அப்ப அந்த வடக்குக் கதவு?" என்று குமுதா கேட்டாள். "அதையும் மூடச் சொல்லணுமா?"

"அது ஒங்க இஷ்டம்."

"மூட வேணாம். பொக நல்லாத்தான் வெளிய போவுது."

மறுநாள் சந்திரமதி தலைமையாசிரியர் அறைக்குப் போய், உட்காராமலே சொன்னாள். "சார், சாமின்னு சொன்னது தப்பு. எனக்கு மாதவிடாய் நிறுத்தக் காலம்." பாடநூல் சொல்லை அப்படி வாய்விட்டுச் சொல்வது அதுவே முதல் முறை. ஜீவனின் காதுகள் சிவந்தன. பேனாவை எடுத்தார், வைத்தார். அவர் சிரிக்கவில்லை என்பதற்காக அவள் அவரை மதித்தாள்.

அவள் கேட்டவை பெரியவை அல்ல. கோடியில் காலியாகக் கிடக்கும் வகுப்பறை வேண்டும். அங்கே ஆசிரியர் மேசைக்குப் பின்னால் மட்டும் திறக்கிற ஜன்னல் இருக்கிறது, பிள்ளைகள் மேல் காற்றுப் படாது. காந்தல் வருகிறபோது கொஞ்ச நேரம் வகுப்பில் நிற்க யாராவது ஓர் ஆள்.

"அந்த ரூமுக்கு ஒயரிங் சரியில்லன்னு பூட்டச் சொல்லிட்டாங்க டீச்சர். ஆளுக்கு நான் எங்க போவேன்? வகுப்புக்கு ஒருத்தர்தான். நான்கூட ரெண்டு பாடம் எடுக்குறேன். ஒங்களுக்கே தெரியும்." அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "இப்ப ஒடம்பு விஷயம்னு தெரிஞ்சும் முதலாம் ஆண்டுல விட்டேன்னா, நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா... நீங்க ஆபிஸ்ல இருங்க டீச்சர். மாணவர் தகவலெல்லாம் கணினியில ஏத்துற வேல கெடக்கு. ஒங்க எடத்துக்குன்னு கேட்டாத்தான் இலாகாவுல ஒரு தற்காலிக ஆசிரியைய அனுப்புவாங்க, முதலாம் ஆண்ட அவங்க பாத்துக்கட்டும். நீங்க ரெஸ்ட்டா இருக்கலாம்."

"எனக்கு ரெஸ்ட் வேணாம் சார்."

"ஒங்க நன்மைக்குத்தான் டீச்சர்."

அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த மேசை சுவரை ஒட்டியிருந்தது. அங்கே ஜன்னல் இல்லை. காற்றாடியை எடுத்து வந்து வைத்துக்கொண்டாள். வேண்டும்போது எழுந்து வெளியே போகலாம், யாரும் கேட்பதில்லை. காந்தலுக்கு இவ்வளவு வசதியான வேலை கிடைக்காது என்று அவளே நினைத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் முதலாம் ஆண்டு. புதிய ஆசிரியை கெட்டிக்காரி, பாட்டாகப் பாடிச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு காலை, பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் "படம்!" என்று ஒரு குரல் கத்தியது. சந்திரமதியின் விரல்கள் நின்றன. யார் அது? கவினேஷ் குரல் மாதிரி இருந்தது. கடைசி வரிசைப் பையன், வாயே திறக்காதவன். அவன்தானா? எழுந்து போய்ப் பார்க்கலாம். போய்ப் பார்த்தால் அது இன்னொருத்தி வகுப்பு. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கத்திவிட்டு அவன் சுற்றிப் பார்த்திருப்பான். அவள் அங்கே இல்லை.

அன்று சாயங்காலம் குணாளனிடம், "வேலைய விடப் போறேன்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச வருஷந்தானே மதி? இப்ப வேல லேசாத்தானே குடுத்திருக்காங்க?"

"அதனாலதான்."

அவன் புரியாமல் பார்த்தான். அன்று முதல் முறையாக, பாடநூல் சொல்லில் தொடங்கி, எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு, "ஜன்னல் அதுக்குத்தானா" என்றான். படுக்கப் போகும்போது, "கேட்டிருக்கணும்" என்றான்.

ஆண்டிறுதியில் பள்ளி மண்டபத்தில் பிரியாவிடை. வெளியே மழை. ஜன்னல்களும் கதவுகளும் இறுக மூடியிருந்தன. மேடையில் சந்திரமதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். முன்வரிசையில் இலாகாவிலிருந்து வந்த ஒருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் தோட்டத்துப் பெண்கள் வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிலுக்குப் பிறகு அவளைப் பார்த்தால் குனிந்த பெண்கள். குமுதா அவர்களிடம் என்ன சொல்லியிருந்தாளோ, இன்று யாரும் குனியவில்லை. சிலர் அவளை நேராகப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிரேமலா ஒலிவாங்கி முன் நின்று வாசித்தாள். "நமது அன்புக்குரிய ஆசிரியை திருமதி சந்திரமதி அவர்கள், குடும்பக் காரணங்களுக்காக..."

வயிற்றுக்குள் அடுப்பு மூண்டது. பொன்னாடைக்கு அடியில் முதுகு நனைந்தது. சந்திரமதி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அரும்பிய வியர்வை மேடை விளக்கில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"என்னா குடும்பக் காரணம்?" பின்வரிசையிலிருந்து குமுதா எழுந்தாள். "டீச்சருக்கு நின்னு போற வயசு. வேர்க்குது. எல்லாருக்கும் வர்றதுதான். அந்தக் கதவத் தெறங்க லா!"

இலாகாக்காரர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஜீவன் தரையைப் பார்த்தார். யாரோ ஓர் ஆண் சிரித்தான், பக்கத்திலிருந்த மனைவி முறைத்ததும் நிறுத்தினான். குலவை இல்லை, உருமி இல்லை. குமுதாவே போய்ப் பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி ஜன்னலுக்குப் போனாள். மழைக்காற்று உள்ளே வந்து மேடைத் துணியை அசைத்தது.

பிரேமலா கையில் இருந்த தாளை மடித்தாள். ஒலிவாங்கியை விட்டு இறங்கி, மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலுக்குப் போய்க் கடைசிக் கண்ணாடிப் பட்டையையும் திறந்தாள். பிறகு அங்கேயே, சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனிக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள். சந்திரமதி பொன்னாடையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிரேமலா திரும்பி வரும் வரை காத்திருந்தாள். அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சந்திரமதிக்குத் தெரியும்.